சாஃப்ட் ஜெல் பேஸ் கோட்: நம்ம ஊர் ஈரத்துல எது நிக்கும், எது கிளம்பும்?

2025 ஜூன் 14, மார்த்தாண்டத்திலிருந்து கேள்வி

ஜப்பான் சாஃப்ட் ஜெல் பேஸ் (கலருக்கு அடியில நகத்துல பூசி, லேம்ப் வெளிச்சத்துல இறுக வைக்கிற பூச்சு) வாங்கி வீட்டுலயே போடுறேன். முதல் வாரம் நல்லா இருக்கு. பத்து நாள் ஆனா நுனியில வெள்ளையா காத்து ஏறுது, அப்புறம் ஒரே துண்டா கழண்டு வந்துருது. நகம் மெல்லிசு, அழுத்தினா வளையும். மீன் வெட்டுறது, துவைக்கிறது, தேங்காய் அரைக்கிறது எல்லாம் என் கைதான். எந்த பிராண்ட் வாங்கினா நிக்கும்க்கா? விலை கூடினாலும் சரி.

2025 ஜூன் 14, இரவு, பதில்

பிராண்ட் மாத்துறதுக்கு முன்னாடி, கழண்ட துண்டைத் திருப்பிப் பாருங்க. காரணம் அடிப்பக்கத்துலதான் இருக்கும்.

அடி வழவழன்னு மினுங்கினா ஜெல் நகத்தைப் பிடிக்கவே இல்லை. நகத்தோட மினுக்கு எடுபடலை, இல்லைன்னா மேல எண்ணெயோ ஈரமோ இருந்திருக்கு. அடியில வெள்ளைச் செதிலா நகத்தோட மேல் அடுக்கு ஒட்டிட்டு வந்திருந்தா ஜெல் நல்லாவே பிடிச்சிருக்கு, கிழிஞ்சது நகம். ரொம்ப ராவினாலும் இது வரும், கிளம்பின இடத்தை விரலால நெம்பினாலும் வரும். அடி மெத்துன்னு, பிசுபிசுப்பா, கீறினா தடம் விழுறதா இருந்தா ஜெல் லேம்ப்ல முழுசா வேகலை, அதாவது இறுகலை. லேம்பையும் எவ்வளவு தடிமனா போட்டீங்கங்கிறதையும் பாக்கணும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எந்தக் கம்பெனி பேஸும் இந்த மூணையும் சேர்த்துச் சரி பண்ணாது.

நீங்க சொல்றது நுனியில தொடங்குற கிளம்பல். வளையிற நகத்துல தண்ணி வேலை அதிகம்னா முதல்ல போறது நுனிதான். நகம் தண்ணியில ஊறி விரியும், காயும்போது சுருங்கும். மேல இருக்கிற ஜெல் அந்த அளவு அசையாது. ஒரு நாள்ல பல தடவை இது நடந்தா நுனி ஓரத்துலதான் பிடி விடும்.

துண்டைப் பாத்துச் சொல்லுங்க.

2025 ஜூன் 15, மார்த்தாண்டம்

அடி வழவழன்னுதான் இருக்கு. செதில் இல்லை, பிசுக்கும் இல்லை.

2025 ஜூன் 15

அப்போ லேம்ப் குத்தமில்லை. நகத்தைத் தயார் பண்றதுலதான் விஷயம். அதுக்கு அப்புறம் வரேன், நீங்க கேட்ட பேஸ் தேர்வை முதல்ல முடிச்சிரலாம்.

நகத்தோட நுனியை இன்னொரு கைக் கட்டைவிரலால மெதுவா கீழ அழுத்துங்க. லேசா வளைஞ்சா மெல்லிய நகம், அசையாம நின்னா கெட்டி நகம். அடுத்து, விரலை உங்களைப் பாத்து நீட்டி, நுனிப்பக்கத்துல இருந்து நகத்தோட வளைவைப் பாருங்க. தட்டையா இருக்கா, கூரையா வளைஞ்சிருக்கா? மூணாவதா, கை ஒரு நாள்ல எவ்வளவு நேரம் தண்ணியில கிடக்குது? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பேஸ் வகை தானா வந்துரும்.

மெல்லிய நகம், குட்டையா வெட்டுறவங்க: நீர்த்த, நெகிழ்வான சாஃப்ட் பேஸ். நகம் வளையும்போது அதுவும் கூட வளையும். கெட்டியான பேஸை மெல்லிய நகத்துல போட்டா நகம் வளையும், பேஸ் வளையாது. நடுவுல இடைவெளி விழுந்து ஒரே துண்டா கழண்டுரும்.

மெல்லிய நகம், ஆனா நீளம் வேணும்: அதே நீர்த்த பேஸை அடியில மெல்லிசா தேய்ச்சு, அது மேல கூழ் பதத்துல இருக்கிற ரப்பர் பேஸோ பில்டர் ஜெலோ (தடிமன் ஏத்துறதுக்கான கெட்டி ஜெல்). முழுத் தடிமனையும் நீர்த்த பேஸ்லயே ஏத்தப் பாத்தா அது ஓரத்துக்கு வழிஞ்சு தோலைத் தொட்டுரும்.

கெட்டி, தட்டை நகம்: கூழ் பதம் நல்லது. நடுவுல லேசா மேடு கட்டலாம்.

ரெண்டு பக்கமும் ரொம்ப உள்ள வளைஞ்ச நகம்: பக்கவாட்டுச் சுவர்லதான் கிளம்பும். பேஸ் எதுவானாலும் பரவாயில்லை, பிரஷ் அந்த மடிப்புக்குள்ள போகணும்.

ஜப்பான் பேர்கள்ல நெயில் லாபோவோட பிரெஸ்டோ, வெட்ரோ, லீஃப்ஜெல், கோகோயிஸ்ட், பாராஜெல் எல்லாம் இங்கே பேச்சுல அடிபடுது. பாராஜெல் நகத்தை ராவாமலே போடுற முறைக்குப் பேர் வாங்கினது. மெல்லிய நகத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனா ராவாத முறைன்னா தயாரிப்பு வேலை குறையும்னு நினைக்க வேண்டாம். ஃபைல் செய்யுற வேலையையும் சேர்த்து, கியூட்டிகிள் (நகத்தோட அடியில ஒட்டியிருக்கிற தோல்) சுத்தமும் எண்ணெய் எடுக்கிறதும்தான் செஞ்சாகணும். வாரம் முழுக்கத் தண்ணியில நிக்கிற கைக்கு, லேசா ராவிப் போடுற பேஸையே நான் சொல்வேன்.

2025 ஜூன் 15, பிற்பகல்

ஒருத்தர் பயோ ஸ்கல்ப்சரையும் ஜப்பான் பட்டியல்ல சேர்த்துக் கேட்டிருக்காங்க. அது தென்னாப்பிரிக்கக் கம்பெனி. நல்ல சாமான்தான், ஆனா அதோட முறை வேற. ஒரு கம்பெனி முறையில இன்னொரு கம்பெனி பேஸைப் போடாதீங்க.

2025 ஜூன் 17

நகம் தயார் பண்றது. நீளமா எழுதுறேன், கிளம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கு.

போடுறதுக்கு முன்னாடி கையை வெந்நீர்ல ஊற வைக்கக் கூடாது. பார்லர் மெனிக்யூர்ல பாத்த பழக்கம் அது, ஜெலுக்கு ஆகாது. ஊறின நகம் விரிஞ்சிருக்கும். அது மேல ஜெல் போட்டுட்டா அடுத்த சில மணி நேரத்துல நகம் காய்ஞ்சு சுருங்கும், பிடி அப்பவே தளர்ந்துரும். பாத்திரம் கழுவின கையோட உடனே உக்காரவும் வேண்டாம். குறைஞ்சது ஒரு மணி நேரம் கை காயட்டும். தலைக்கு எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு ஜெல் வேலையே வேண்டாம்.

கியூட்டிகிளை மெட்டல் புஷரால மெதுவா தள்ளுங்க. தள்ளினதோட விட்டுராதீங்க. நகத்து மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு மெல்லிய செத்த தோல் படலம் ஒட்டியிருக்கும். புஷரைப் படுக்க வச்சு, அடியில இருந்து நுனிப்பக்கமா சின்னச் சின்னதா சுரண்டினா வெள்ளைப் பொடியா வரும். பொடி வர்றது நிக்கிற வரைக்கும் செய்யணும். அடிப்பக்கம் கிளம்புதுன்னு சொல்றவங்க கையில இந்தப் படலம் அப்படியே இருக்கும். ஜெல் அந்தப் படலத்தைப் பிடிச்சிருக்கும், படலம் உதிரும்போது ஜெலும் சேர்ந்து உதிரும்.

அப்புறம் ஃபைல். இயற்கை நகத்துக்கு 240 நம்பர் (நம்பர் குறையக் குறைய ஃபைல் சொரசொரப்பு கூடும்). 180-க்குக் கீழ போகவே வேண்டாம். 100 நம்பர் பழைய ஜெலை ராவத்தான். அழுத்தாம, மினுக்கு போற அளவுக்கு மட்டும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா மினுங்குற இடம் தனியாத் தெரியும், பெரும்பாலும் ரெண்டு ஓரமும் கியூட்டிகிள் மூலையும்தான். அங்கே மட்டும் திரும்பத் தொடுங்க, நடுவை விட்டுருங்க. நகம் சூடானாலோ கூசினாலோ எல்லை தாண்டியாச்சு.

பொடியைத் தட்டிட்டு, பஞ்சு உதிராத வைப்ல ஜெல் கிளென்சரோ 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோப்ரொபைல் ஆல்கஹாலோ நனைச்சுத் துடைங்க. மருந்துக்கடையில கையோடு கிடைக்கிற 70 சதவீதம் கிருமிக்கு நல்லது, ஆனா அதுல தண்ணி கூட இருக்கு. இந்த வேலைக்குச் சரிப்படாது. சாதாரணப் பஞ்சு நார் விடும். நார் மேல ஜெல் உக்காந்தா அதுவே தண்ணி உள்ள போறதுக்கு வழி.

துடைச்ச அப்புறம் அந்த நகத்தை விரலால தொடாதீங்க. முடியை ஒதுக்கிட்டு, போனை எடுத்துப் பாத்துட்டு வந்து போட்டா திரும்பவும் எண்ணெய் ஏறியிருக்கும்.

2025 ஜூன் 18, தக்கலை

இவ்வளவு பாடு எதுக்கு? நல்ல பிரைமர் (பேஸ் பிடிக்கிறதுக்காக அதுக்கு முன்னாடி பூசுறது) ரெண்டு கோட் போட்டா எல்லாம் பிடிக்கும். பார்லர்ல அப்படித்தான் செய்றோம்.

2025 ஜூன் 18

பிரைமரை நான் வேண்டாம்னு சொல்லலை. வியர்க்கிற கை, முன்னாடி பல தடவை கழண்ட கைக்கு அது உதவும். ஆனா செத்த தோல் மேல பிரைமர் போட்டா அது செத்த தோலைத்தான் பிடிக்கும். ரெண்டு கோட்டும் வேண்டாம். ஆசிட் இல்லாத பிரைமர்னா ஒரே கோட், பிரஷை புட்டி வாயிலயே நல்லா வடிச்சுட்டு, நகத்து நடுவுல தொட்டா அதுவே ஓரம் வரைக்கும் பரவணும். தோல்ல வழிஞ்சா அளவு கூடிப்போச்சு. மெத்தாக்ரிலிக் ஆசிட் இருக்கிற பழைய வகைப் பிரைமர் தோலைச் சுடும். சாஃப்ட் ஜெலுக்கு அது தேவையே இல்லை.

டிஹைட்ரேட்டர் வேற, பிரைமர் வேற. முதலாவது ஈரத்தையும் எண்ணெயையும் கொஞ்ச நேரத்துக்கு எடுக்கும். அதனால அதைப் போட்ட உடனே பேஸ் போகணும். பத்து விரலுக்கும் சேர்த்துப் போட்டுட்டு ஒவ்வொண்ணா வர்றதுக்குள்ள, மழைக்காலத்துல கடைசி விரல் திரும்ப ஈரம் இழுத்துரும். ஒரு கை முடிச்சுட்டு மறு கைக்குப் போங்க.

2025 ஜூன் 21

பேஸ் போடுற முறை. பாட்ல (சின்ன டப்பாவுல) வர்ற பேஸுக்கு தட்டையான, முனை உருண்ட பிரஷ்.

முதல் கோட் தேய்க்கிற கோட். கடுகளவு ஜெல் எடுத்து நகம் முழுக்க நாலா பக்கமும் பிரஷால தேய்ச்சு விடணும். பாத்தா ஜெல் இருக்கான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மெல்லிசு. பிடிமானம் கொடுக்கிறது இந்தக் கோட்தான். கியூட்டிகிள்ல இருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்க. நுனி விளிம்பை பிரஷோட பக்கத்தால ஒரு தடவை தொட்டு மூடுங்க. மார்த்தாண்டம் அக்கா, உங்க நுனிக் கிளம்பலுக்கு இது முக்கியம். விளிம்பு திறந்து கிடந்தா தண்ணி அது வழியாத்தான் ஏறும். ஆனா நுனிக்கு அடியில ஜெல் வழியக் கூடாது; அங்கே அது தோல்ல ஒட்டும்.

இதை க்யூர் பண்ணி, அதாவது லேம்ப்ல இறுக வச்சு, பிசுக்கைத் துடைக்காம, ரெண்டாவது கோட். காத்துல இருக்கிற ஆக்சிஜன் மேல் படலத்தை முழுசா இறுக விடாது, அதான் அந்தப் பிசுக்கு. அடுத்த அடுக்கு அதைப் பிடிச்சுத்தான் ஒட்டும். ரெண்டாவதுல கொஞ்சம் கூடுதலா ஒரு சொட்டு எடுத்து நகத்தோட நடுவுக்குக் கொஞ்சம் பின்னால வச்சு, அழுத்தாம, பிரஷ் நகத்தைத் தொடாம ஜெலை மட்டும் இழுத்து நுனிக்குக் கொண்டு போங்க. கையைக் கவிழ்த்து உள்ளங்கை மேல பாக்கப் பத்து விநாடி வச்சா ஜெல் நடுவுல கூடி மேடு கட்டும். நிமிர்த்தி உடனே லேம்ப்.

கட்டைவிரலைத் தனியா. நாலு விரலோட சேர்த்து வச்சா அது பக்கவாட்டுல திரும்பிரும், வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும்தான் விழும். கட்டைவிரல் மட்டும் கழண்டுட்டே இருக்குன்னு கேக்கிறவங்களுக்கும் இதுதான் பதில்.

2025 ஜூன் 29, குளச்சல்

என் லேம்ப்ல 48 வாட்னு போட்டிருக்கு. அப்போ எந்த ஜெலும் வேகும்தானே? சில நேரம் உள்ள வச்ச உடனே சுரீர்னு சுடுது, அது ஏன்?

2025 ஜூன் 29

வாட் கரண்டு இழுக்கிற கணக்கு. ஜெலுக்கு வேண்டியது அலைநீளமும் நகத்து மேல விழுற வெளிச்சத்தோட பலமும். இப்போ வர்ற எல்இடி லேம்ப் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் ரெண்டும் கலந்தது. பேஸ்ல இருக்கிற ஃபோட்டோ இனிஷியேட்டர் (வெளிச்சம் பட்டதும் ஜெலை இறுக வைக்கிற பொருள்) எந்த வெளிச்சத்துக்கு வேலை செய்யும்னு பண்ணினவங்களுக்குத்தான் தெரியும். அதனால அந்தக் கம்பெனி சொல்ற லேம்ப், அது சொல்ற நேரம். பழைய 36 வாட் டியூப் லேம்ப்ல ரெண்டு நிமிஷம் கேட்கிற பேஸ், எல்இடில 30 அல்லது 60 விநாடி கேட்கும். டியூப் எரியுதேன்னு வச்சிருக்காதீங்க, கண்ணுக்கு நீலமாத் தெரிஞ்சாலும் உள்ள பலம் குறைஞ்சிருக்கும்.

சார்ஜ் பண்ணி வச்சு கரண்ட் போனாலும் ஓடுற லேம்ப் நம்ம ஊருக்கு வசதிதான். சார்ஜ் இறங்க இறங்க வெளிச்சம் குறையிற ரகமும் அதுல உண்டு. முழு சார்ஜ்ல மட்டும் போடுங்க.

சூடு: ஜெல் இறுகுறது வெப்பம் விடுற வினை. நிறைய ஜெல் ஒரே நேரத்துல இறுகினா அத்தனை சூடும் ஒண்ணா வரும். மெல்லிய நகம், அதிகமா ராவின நகத்துல அது நேரா நகப்படுகைக்கு இறங்கும். பொறுத்துக்கவே கூடாது, நகம் படுகையை விட்டுப் பிரியுற அளவுக்கும் போகும். கையை வெளிய எடுங்க, சூடு அடங்கினதும் திரும்ப வைங்க. லேம்ப்ல 99 விநாடி பட்டன் இருந்தா அது பல லேம்ப்ல குறைஞ்ச பலத்துல தொடங்கி மெதுவா ஏறுற முறை. மேடு கட்டுற கோட்டுக்கு அதைப் போடுங்க. ஒரு தடிச்ச கோட்டுக்குப் பதிலா ரெண்டு மெல்லிய கோட்.

2025 ஜூலை 6

தோல்ல ஜெல் படுறதைப் பத்தி ரெண்டு நாளா கேள்வி வருது. மத்த எல்லாத்தையும் விட இதை நல்லாப் படிங்க.

வேகாத ஜெல் தோல்ல திரும்பத் திரும்பப் பட்டா அலர்ஜி வரலாம். ஒரு தடவை வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. நகத்தைச் சுத்தி அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம், விரல் நுனி வெடிப்பு. கை படுற இடமெல்லாம் வரும். கண் இமை தடிச்சு வந்து காரணம் தெரியாம அலையிறவங்க உண்டு. முக்கியக் குற்றவாளி ஜெல்ல இருக்கிற ஹெமா (HEMA)ங்கிற சின்ன மூலக்கூறு. 2018-ல பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பத்தி வெளிப்படையா எச்சரிச்சது. ஐரோப்பாவுல 2021-ல இருந்து ஹெமா இருக்கிற நகச் சாமான் தொழில்முறைக்காரங்களுக்கு மட்டும்தான்.

இதே குடும்பத்து மெத்தாக்ரிலேட்தான் பல் அடைக்கிற கலவையிலயும், மூட்டு அறுவைக்குப் போடுற எலும்புச் சிமெண்ட்லயும் இருக்கு. ஜெல் அலர்ஜி உள்ளவங்க பல் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ஹெமா இல்லாத ஜெலுக்கு மாறினா சரியாயிரும்னு நம்பாதீங்க. அதுல எச்பிஎம்ஏ (HPMA)ங்கிற அதோட சொந்தக்கார மூலக்கூறு இருக்கலாம், உடம்பு அதையும் அதே கணக்குல எடுத்துக்கும். அரிப்பு வந்தா நிறுத்திட்டுத் தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் (எது அலர்ஜின்னு தோல்ல ஒட்டிப் பாக்கிற சோதனை).

இன்னொண்ணு, கையுறை. ரப்பர் விளையிற ஊர், லேட்டெக்ஸ் கையுறை எங்கயும் கிடைக்கும். ஜெலுக்கு அது தடுப்பே இல்லை, சீக்கிரமே ஊடுருவிரும். நைட்ரைல் பரவாயில்லை, அதுவும் நிரந்தரமில்லை. ஜெல் பட்ட உடனே கழட்டி வேற போடுங்க. பத்து கஸ்டமருக்கு ஒரே ஜோடி போட்டுட்டு இருக்கிற பார்லர் பிள்ளைங்க கவனிங்க. உங்க கைதான் தினமும் ஜெல்ல இருக்கு.

தோல்ல பட்டா: க்யூர் பண்றதுக்கு முன்னாடியே ஆரஞ்சு குச்சியில ஆல்கஹால் தொட்டு எடுத்துருங்க. க்யூர் ஆன அப்புறம் தோலோட ஒட்டினதுதான் முதல்ல கிளம்புற இடமும்.

2025 ஜூலை 7

ஜூன் 15-ல எழுதினதோட இதைச் சேர்த்துக்குங்க. மெல்லிய நகத்துக்கு நீர்த்த பேஸ்னு சொன்னேன். வெயில் காலத்துல ஏசி இல்லாத அறையில அதே பேஸ் இன்னும் நீர்த்துப் போய் கியூட்டிகிள்ல பாயும். மார்ச்ல இருந்து மே வரைக்கும் ஒரு படி கெட்டியான பேஸ் எடுக்கலாம், இல்லைன்னா ஒரு விரல் போட்டு உடனே பத்து விநாடி க்யூர் பண்ணி நிறுத்திட்டு அடுத்த விரல், கடைசியில எல்லாத்துக்கும் முழு நேரம். பாட்டை ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. வெளிய எடுத்ததும் வேர்க்கும், மூடியைத் திறந்தா அந்தத் தண்ணி ஜெலுக்குள்ள போகும்.

2025 ஜூலை 19, மார்த்தாண்டம்

நீங்க சொன்ன மாதிரி சுரண்டினப்போ பொடி வந்துச்சுக்கா, நிறைய. மூணு வாரமா நுனி நிக்குது. வலது ஆள்காட்டி விரல்ல மட்டும் ஓரத்துல லேசா வெள்ளை.

2025 ஜூலை 19

வலது ஆள்காட்டியில என்ன வேலை செய்றீங்கன்னு பாருங்க. மரச்சீனிக் கிழங்குத் தோலை நகத்தால நெம்பி உரிக்கிறது, இறால் தலை கிள்ளுறது, டப்பா மூடி தூக்குறது, இதெல்லாம் அந்த விரல்தான். ஜெல் போட்ட நகம் நெம்புகோல் ஆகக் கூடாது. கத்தி முனையால கீறிட்டு விரல் சதையால உரிங்க.

அந்த வெள்ளை மேல புதுசா ஜெல் பூசி மூடாதீங்க. உள்ள ஈரம் சிக்கினா சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். மழைக்காலத்துல இது அதிகம். கிளம்பின அளவை மட்டும் 180 ஃபைலால ராவி, கெட்டியாப் பிடிச்சிருக்கிற இடத்தோட மட்டமாக்கி, துடைச்சு, அந்த இடத்துக்கு மட்டும் பேஸ். பச்சை ஏற்கெனவே தெரிஞ்சா மொத்த ஜெலையும் எடுத்துட்டு நகத்தைக் காய விடணும், டாக்டரைப் பாக்கணும். கலர் பூசி மறைச்சா உள்ள வளரும்.

2025 ஆகஸ்ட் 24

ஓணத்துக்கும் ஆவணிக் கல்யாணத்துக்கும் மருதாணியும் ஜெலும் சேர்ந்து வருது. எது முதல்ல?

மருதாணி முதல்ல. கோன்ல இருக்கிற யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், அப்புறம் நிறம் ஏறத் தடவுற தேங்காய் எண்ணெய், எல்லாம் பேஸுக்கு எதிரி. மருதாணி உதிர்த்த மறுநாள் நகத்தை மட்டும் ஆல்கஹால்ல ரெண்டு தடவை துடைச்சு, வைப்ல மஞ்சளோ பிசுக்கோ வராத வரைக்கும், அப்புறம் வேலை. தோல்ல ஆல்கஹால் படாம பாத்துக்கிட்டா மருதாணி நிறம் குறையாது. நகத்துலயே மருதாணி ஏறியிருந்தா அது பேஸைத் தடுக்காது. வெளிர் நிறம் போட்டா அடியில செம்மை தெரியும், அவ்வளவுதான்.

மஞ்சள்: நலங்குக்கு முன்னாடி ஜெல் போட்டிருந்தா மேட் (பளபளப்பில்லாத) டாப் கோட்ல, அதாவது கடைசியா மேல பூசுற கோட்ல, கறை பிடிக்கும், பளபளப்பு டாப் கோட்ல குறைவு. ஆல்கஹால்ல கொஞ்சம் வரும், மிச்சம் வெயில்ல மங்கும்.

2025 செப்டம்பர் 3

டிபிஓ (TPO) பத்தி எல்லாரும் கேக்கிறீங்க. செப்டம்பர் 1-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்ல டிபிஓவைத் தடை செஞ்சிருக்கு. இது பல ஜெல்ல இருந்த ஃபோட்டோ இனிஷியேட்டர், 405 பக்கத்து வெளிச்சத்துல நல்லா வேலை செய்யும், மஞ்சளிக்காது, அதனாலதான் எல்லாரும் போட்டாங்க. இனப்பெருக்க நச்சுப் பட்டியல்ல அதைச் சேர்த்தது விலங்குகளுக்கு உள்ளுக்குக் கொடுத்த ஆய்வுகளை வச்சு. நகத்துல இறுகின ஜெலை வச்சுப் பயந்து இன்னைக்கே பிய்ச்சு எடுக்க வேண்டாம். புதுசு வாங்கும்போது டிபிஓ இல்லாததைக் கேட்டு வாங்குங்க. பேரும் பாட்டும் பழசா இருந்தாலும் உள்ள இனிஷியேட்டர் மாறியிருக்கலாம். அதனால பழைய பாட்டுக்கு 30 விநாடி வச்சவங்க புதுசுல அச்சடிச்ச நேரத்தைத் திரும்பப் படிங்க.

வாங்குறதைப் பத்தியும் இங்கேயே. இறக்குமதி அழகுசாதனத்துக்கு இந்தியாவோட 2020 அழகுசாதன விதிகள்படி பதிவு வேணும். லேபிள்ல இறக்குமதி செஞ்சவர் பேர், விலாசம், ஆர்.சி. எண் (பதிவுச் சான்றிதழ் எண்) இருக்கணும். ஜப்பான் எழுத்து மட்டும் இருந்து இந்த விவரம் ஒண்ணுமே இல்லாத பாட் வந்தா அசலா போலியான்னு உங்களால சொல்ல முடியாது. மூடி திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி, அடியில பிரிஞ்சு நிக்கிற படலம் இருந்தா திருப்பி அனுப்புங்க. முதல்ல சின்ன பாட் வாங்குங்க.

2025 செப்டம்பர் 12, கருங்கல்

அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலையில) வேலை. பார்லர்ல ரெண்டு தடவை போட்டேன், ஒரு வாரம் கூட நிக்கலை. என் கைக்கு ஜெலே ஒத்துக்காதா?

2025 செப்டம்பர் 12

கைக்கு ஒத்துக்காம இல்லை. அண்டி உடைக்கிறவங்க தோட்டுப் பால் சுடாம இருக்க கையில எண்ணெய் தடவிக்கிட்டுத்தான் உக்காருவாங்க. நகத்து ஓர மடிப்பு முழுக்க அந்த எண்ணெய் ஊறியிருக்கும். ஒரு துடைப்புல அது போகாது. வேலைக்குப் போற நாள்ல போடாதீங்க. லீவு நாள் காலையில, முந்தின ராத்திரி சோப்பும் மென்மையான பிரஷும் வச்சு நக ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டு, இரவு முழுக்கக் காய விட்டு, அப்புறம் 240 ஃபைல், ஆல்கஹால் ரெண்டு சுத்து, டிஹைட்ரேட்டர், பிரைமர் ஒரு கோட், தேய்க்கிற கோட். நகம் குட்டையா. நக ஓரத்துல தோல் வெந்தோ வெடிச்சோ இருந்தா அது ஆறுற வரைக்கும் ஜெல் வேண்டாம், திறந்த தோல்ல அலர்ஜி சீக்கிரம் ஏறும்.

இவ்வளவு செஞ்சாலும் ரெண்டு வாரம்தான் எதிர்பாருங்க.

2025 செப்டம்பர் 13

நர்சிங் பிள்ளைங்க ரெண்டு பேர் தனியா கேட்டதுக்குப் பொதுவா பதில். வார்டுல நோயாளியைத் தொடுற வேலைன்னா வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தோட 2009 கை சுத்த வழிகாட்டுதல் செயற்கை நகத்தைத் தவிர்க்கவும், இயற்கை நக நுனியை அரை சென்டிமீட்டருக்குள்ள வைக்கவும் சொல்லுது. சாஃப்ட் ஜெல் செயற்கை நகமான்னு வாதாடாதீங்க, ஆஸ்பத்திரி விதி எதுவோ அதுதான். அறுவைக்குப் போற நோயாளியும் ஒரு விரலாவது ஜெல் இல்லாம போகணும், ஆக்சிஜன் அளக்கிற கிளிப் சில நிறத்துல சரியாப் படிக்காது.

2025 அக்டோபர் 5

எடுக்கிறது. மூணு வாரம், அதிகம் போனா நாலு. நகம் மாசத்துக்குச் சுமார் மூணு மில்லிமீட்டர் வளரும். நீங்க கட்டின மேடும் அதோட முன்னால நகர்ந்துரும், பாரம் நுனிக்குப் போய் நகம் குறுக்கால உடையும். ஜெல் இன்னும் பிடிச்சிருக்கேன்னு ஆறு வாரம் வச்சிருக்கிறதுக்கு நகம்தான் விலை கொடுக்குது.

டாப் கோட்டை முழுசா ராவிருங்க, இல்லைன்னா அசிட்டோன் உள்ள இறங்காது. சுத்தித் தோல்ல எண்ணெயோ வாஸ்லினோ தடவி, நக அளவுக்கு வெட்டின பஞ்சை அசிட்டோன்ல நனைச்சு வச்சு ஃபாயில் சுத்தி 10-ல இருந்து 15 நிமிஷம். ஒவ்வொரு விரலா திறங்க. எல்லாத்தையும் திறந்து வச்சா ஜெல் திரும்ப இறுகிரும். சுருங்கி எழும்பினதை மட்டும் குச்சியால தள்ளுங்க, வராததுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம். அடுப்பு, குத்துவிளக்கு, கொசுவர்த்தி பக்கத்துல வேண்டவே வேண்டாம், அசிட்டோன் ஆவி தீப் பிடிக்கும். பேஸ் வாங்கும்போது ஹார்ட் ஜெல்லான்னு கேட்டுக்குங்க. அது அசிட்டோன்ல கரையாது, ராவித்தான் எடுக்கணும்.

ஜப்பான்ல ஃபில்இன்னு ஒரு முறை: கலரை மட்டும் மெஷின்ல ராவிட்டு, பிடிச்சிருக்கிற பேஸை ஒரு அடுக்கு விட்டுட்டு, வளர்ந்த இடத்துல புது பேஸ் நிரப்புறது. அசிட்டோனும் இல்லை, இயற்கை நகத்தை ஃபைல் தொடுறதும் குறைவு. மெல்லிய நகத்துக்கு இதைவிட நல்லது இல்லை. பழைய பேஸ்ல எங்கயும் கிளம்பல் இருக்கக் கூடாது. பழசும் புதுசும் ஒரே கம்பெனியா இருக்கணும். மெஷின் கைப்பழக்கம் இல்லாதவங்க வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம், மெஷினோட ராவுற முனை (பிட்) பேஸைத் தாண்டி நகத்துல இறங்க ஒரு விநாடி போதும்.

2025 நவம்பர் 23, குளச்சல்

கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவுக்குப் போடலாம்னு எடுத்தா பிரஷ் கல்லா இருக்கு, பாட்லயும் ஓரமெல்லாம் கட்டி. வாங்கி நாலு மாசம்தான்.

2025 நவம்பர் 23

எங்க வச்சிருந்தீங்க? ஜன்னல் பக்கமா இருந்தா வெயில்தான். வெயில்லயும் அதே கதிர் இருக்கு. லேம்ப் பக்கத்துல மூடி திறந்து வச்சு வேலை செஞ்சாலும் விளிம்புல இருந்து கட்டி ஏறும்.

பிரஷை மீட்க முடியாது, வேற வாங்குங்க. பாட்ல கட்டியை ஸ்பாட்டுலாவால ஓரமா எடுத்துப் போட்டுட்டு, நடுவுல இருக்கிற ஜெல் தெளிவா, நூல் இழுக்காம விழுந்தா ஒரு நகத்துல போட்டு ஒரு வாரம் பாருங்க. துகள் துகளா வந்தா மொத்தமா விட்டுருங்க, அந்தத் துகள் ஒவ்வொண்ணும் கிளம்புற இடம். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பாட்டைத் திறந்து வெயில்ல வச்சு இறுக விடுங்க. திரவமா குப்பையில போட்டா எடுக்கிறவங்க கையில படும்.

புது பிரஷை அசிட்டோன்ல கழுவாதீங்க. வேலை முடிஞ்சதும் வைப்ல துடைச்சு, துளி கிளியர் ஜெல் தொட்டு முடியை ஒட்ட வச்சு, மூடி போட்டு, பாட்டோட சேர்த்து டிராயருக்குள்ள. கலருக்கு வேற பிரஷ். திருவிழாவோட கடைசி நாளுக்கு (டிசம்பர் 3) இன்னும் பத்து நாள் இருக்கு, டிசம்பர் 1 சாயங்காலம் போடுங்க. அன்னைக்கு மீன் வெட்டுற வேலையைக் காலையிலயே முடிச்சு, கை காய விட்டு உக்காருங்க.